பயந்த மாதா

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலுக்குப் பக்கத்தில், ஒரு மாதா கோவில் கூடத்தில், மாதாவுக்குக் குழந்தை பிறக்கும் என்று வானதூதர் சேதி சொன்ன மங்கள வார்த்தை திருநாளுக்கு நாடகம் போட்டோம். மாதா வேடம் எனக்கு! ஒரு வாரமாகச் சோறே இறங்கவில்லை. சேதி கொண்டுவரும் வானதூதர் கபிரியேல் சம்மனசு என் மாமா மகன். சேலைக் கடையில் வாங்கிய ஜரிகையை அவனுடைய அட்டை இறக்கைகளில் ஒட்டினோம்.

எங்களுக்கு ஒத்திகை நடத்தியது சித்தி. எங்களோடு தங்கி, பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஓர் ஆங்கிலப் பெண் கவிஞரைப் பற்றி அவள் ஆராய்ச்சி. அந்தக் கவிஞரின் அண்ணன் ஓவியர். உள்ளதை உள்ளபடி வரைவோம் என்று கிளம்பிய இளைஞர் கூட்டத்தில் ஒருவர். மாதாவை வரையத் தங்கையையே உட்காரவைத்தாராம். சித்தி அந்தப் படத்தைக் காட்டினாள். வெள்ளை உடுப்பில் ஒரு பெண் கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கியிருந்தாள்.

"சிரிக்கவே இல்ல, பாத்தியா? திடீர்னு ஒருத்தர் வந்து, இனிமே உன் வாழ்க்கை இதுதான்னு சொன்னா பயம் வராதா?"

"அவங்களும் அந்தக் கூட்டத்துல ஒரு ஆளா, சித்தி?"

"படத்துல உக்கார வச்சாங்க. கூட்டத்துல சேத்துக்கல. அவ பாட்டுக்கு எழுதினா. ரெண்டு பேர் கேட்டும் கல்யாணம் வேணாம்னுட்டா."

நாடகத்தன்று முதல் வரிசையில் பக்கத்து ஊரான கூசேன்விலிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. சித்தியைப் பெண் கேட்டவர்கள். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன இடம்.

சம்மனசு "அருள் நிறைந்தவளே" என்றதுதான் தாமதம், நான் கட்டிலில் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சம்மனசு வசனத்தை மறந்து, "உனக்கு என்ன ஆச்சு?" என்று பிரெஞ்சில் கேட்டான். கூடம் கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னால் சித்தி மட்டும் அழுதுகொண்டே கைதட்டினாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை!

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள்.

"மாதாவுக்கு இப்படியா பயம் வரும்? ஏன்டி புள்ளைக்கு இப்படிச் சொல்லிக்குடுத்த?"

"வராதா அக்கா? அவளைக் கேட்டா முடிவு பண்ணாங்க?"

அம்மா சித்தியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரல் தணிந்து, "சரி. கூசேன்விலுக்கு நான் பேசிக்கறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

என் நடிப்பு எப்படி இருந்தது என்று அவர்களிடம் கேட்கப்போகிறாள் என்று நினைத்து, நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.