கண்மாய்க்கரை வரை

இப்போதெல்லாம் விடிந்தும் விடியாமலும் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கையை வீசி நடந்து போகிறார்கள். இதயத்துக்கு நல்லதாம், மனசுக்கும் நல்லதாம், டாக்டர் சொன்னாராம். என் வாசலில் நின்று எனக்கே எடுத்துச் சொல்கிறார்கள். நானும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொள்கிறேன். உள்ளே மட்டும் பற்றிக்கொண்டு வரும். இதே வார்த்தையை யுத்த காலத்திலேயே ஒரு டாக்டர் என் காதுபடச் சொல்லியிருக்கிறார். அதை நடத்திக்காட்டுவதற்குள் நான் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியாது.

நான் மீமிசலுக்குப் பக்கத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு மளிகைக் கடை. படகு கரைக்கு வரும் நேரம் பார்த்து மீன் வாங்கிவர ஓடுவேன், ஓடியே திரும்புவேன். என்னைக் கட்டிக்கொடுத்தது குளத்தூரில். கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மாமனாருக்கு நிலபுலன் உண்டு, அதைவிட அதிகமாகக் கௌரவம் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும்தான் வெளியே போவார்கள். அதுவும் கூண்டு வண்டியில், முன்னாலும் பின்னாலும் சேலைத்துணியைத் திரையாகக் கட்டிக்கொண்டு. கோயில் அடுத்த தெருவில் இருந்தது. மாடுகளைப் பூட்டும் நேரத்தில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டே வந்துவிடலாம்.

முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருப்பேன், திடீரென்று யாரோ துரத்துவதுபோல் படபடவென்று அடித்துக்கொள்ளும். கை சில்லிட்டுப்போகும். இதோ சாகப்போகிறேன் என்று நினைப்பேன். சாகவும் மாட்டேன், அழுகையும் நிற்காது. காத்துக்கருப்பு என்றார்கள். பூசாரியை அழைத்து வேப்பிலையால் அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். குழந்தை போனதற்காக அழ ஒருத்தரும் விடவில்லை, பேய் பிடித்ததற்காக அழலாம் என்று விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் மாமனாருக்கும் மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்தது. உடனே புதுக்கோட்டை டாக்டரிடம் கிளம்பினார்கள். போகிறதோடு போகிறது என்று என்னையும் கூட்டிப்போனார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியைப் போட்டு ஓடிய காலம். மேட்டில் மூச்சுவாங்கி நின்றுவிடும், ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். மாமனார் மட்டும் இறங்கவில்லை. நெஞ்சுவலிக்காரர் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேசியதெல்லாம் மாமனாரிடம்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியந்தாங்க. ஒங்க இதயம் ஒக்காந்து ஒக்காந்து சோம்பிப்போச்சு. அதுக்கு வேலை குடுக்கணும், தெனமும் நடங்க. இந்தப் பொண்ணுக்கு இதயத்துல ஒரு கோளாறும் இல்ல. ஒடம்பும் மனசும் அடைஞ்சு கெடக்குது. காத்தாட நடக்கச் சொல்லுங்க, படபடப்பு தன்னால அடங்கும்."

ஒரே வைத்தியம். நான் கேட்டேன், மாமனார் கேட்டார், கூட வந்த என் கணவர் கேட்டார்.

திரும்பும் வழியில் கீழராஜ வீதியில் இறங்கி மாமனாருக்குக் கான்வாஸ் பூட்ஸ் வாங்கினார்கள், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி வாங்கினார்கள். எனக்கு என்ன வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் நானே சொன்னேன், என்னையும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"நடக்கணுமா? கொல்லையில நட ஆத்தா. யாரு வேணாங்குறது?"

கொல்லை என்றால் மாட்டுக்கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் விறகு அடுக்கியதுபோக மிச்சமிருந்த இடம். வேகமாக நாலு எட்டு வைத்தால் சுவர் முகத்தில் இடிக்கும்.

"அது பத்தாதுங்க அத்தே."

"விடிஞ்சதுலேர்ந்து வீட்டு வேலை பாக்குறமே, அது நடையில்லாம என்ன? நாங்கள்லாம் எந்த டாக்டரப் பாத்தோம்?"

இந்த வாதத்தை இன்றைக்கும் சொல்லக் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் எதையாவது தூக்கி எறியலாம் போலிருக்கும். அடுப்பு முன் குத்துக்காலிட்டுப் புகையை விழுங்குவதும், குனிந்து ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டுவதும் உழைப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதில் உடம்பு நோகும். ஆனால் அதில் ஒரு அசைவுகூட எனக்காக அசைந்தது கிடையாது. மனசு அங்கேயே அடைந்து கிடக்க, கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மாமனாரின் நடையைச் சொல்ல வேண்டும். காலையில் பூட்ஸ் மாட்டிவிட ஒரு ஆள், குடை பிடிக்க ஒரு ஆள். தெருவே எழுந்து நிற்கும். பஸ் நிற்கும் இடத்தில் வெற்றிலைக் கடை, அதன் பெஞ்சு வரைதான் அவருடைய நடை. அங்கே ஒரு நெல் வியாபாரி தயாராக உட்கார்ந்திருப்பார். "ஐயா இந்த வயசுலயும் என்னமா நடக்குறாங்க!" என்பார். இருவரும் நெய் வடை வரவழைத்துச் சாப்பிடுவார்கள், காப்பி குடிப்பார்கள். வெற்றிலைக்கும் வடைக்கும் எங்கள் வீட்டுக் கணக்கு. வெயில் ஏறிவிட்டதென்று வண்டி போய் அழைத்துவரும். வந்ததும் மாமியார் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். நான் வெந்நீர் போட்டுக் கொடுப்பேன்.

அறுப்புச் சமயத்தில் மாமனாருக்கு மறுபடி நெஞ்சைப் பிடித்தது. இந்தத் தடவை டாக்டர் கோபித்துக்கொண்டார். பெஞ்சுக்குப் போவது நடையல்ல, யாராவது கூடப் போய் நிற்காமல் நடத்திக் கூட்டிவர வேண்டும் என்றார். ஆட்கள் எல்லாம் வயலில். என் கணவருக்கு ஆபீஸ். சும்மா இருப்பது நான்தான் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்து, "மாமாவத் தனியா விட்றாத, பின்னாடியே போ," என்றார் மாமியார். அதுவரைக்கும் தடுத்த கௌரவம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, தெரியவில்லை. மாமனாரின் இதயத்துக்காக என்றால் நான் ஊர் நடுவே நடக்கலாம், என் இதயத்துக்காக என்றால் கூடாது.

வயிறு எரிந்துகொண்டேதான் போனேன். ஆனாலும் போனேன்.

ஊர்க்கோடியில் பெரிய கண்மாய். கரை நெடுக ஒற்றையடிப் பாதை, ஓரத்தில் பனை. முதல் சில நாள் கரை மேல் ஏறுவதற்குள் மாமனாரைவிட எனக்குத்தான் மூச்சு இரைத்தது. தொடை இரண்டும் கடுத்தன. நெஞ்சு பலமாக அடித்தது. அடுப்படியில் அடித்த அதே அடிதான், அதே வேகம்தான். ஆனால் பயமாக இல்லை. மேட்டில் ஏறினேன், அதனால் அடிக்கிறது. நின்றால் அடங்குகிறது. இவ்வளவுதானா என்றிருந்தது. என் நெஞ்சைப் பார்த்து நான் பயப்படாமல் இருந்தது குழந்தை போனபின் அன்றைக்குத்தான்.

பிறகு பசி வந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. ஒருநாள் கரை மேல் போகும்போது யாரும் எதுவும் சொல்லாமலே அழுகை வந்தது. குழந்தைக்காக வாய்விட்டு அழுதேன். முன்னால் போய்க்கொண்டிருந்த மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் மெதுவாக்கிக்கொண்டார். அவர் எனக்குச் செய்த ஒரே நல்லது அது, அதை மறைக்க மாட்டேன்.

அவருக்கும் உடம்பு தேறியது. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினார். உடனே மூக்கு வியர்த்துவிட்டது, பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "நாளையிலேர்ந்து வேணாம்த்தா. எனக்கு ஒடம்பு சரியாயிருச்சு."

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். "எனக்கு, மாமா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "ஒனக்கு என்னத்தா?" என்றார்.

டாக்டர் என்னையும் பார்த்தார் என்பதையே அந்த மனிதர் மறந்திருந்தார். பொய்யாக மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வாசலில் இறங்கினேன். மாமியார் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றார்.

"எங்கிட்டுத்தா கெளம்பிட்டே?"

"கண்மாய்க்கரைக்குங்க அத்தே."

"எதுக்கு?"

"நடக்க."

"யாருக்காக?"

"எனக்காக."

தண்ணீர் எடுக்க என்றால் புரிந்திருக்கும், விறகு பொறுக்க என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள், ஆனாலும் புரிந்திருக்கும். ஒன்றுக்கும் இல்லாமல் ஒரு பெண் நடப்பது அவர்களுக்கு அவிசாரித்தனமாகப் பட்டது. அந்தச் சொல்லையும் சொன்னார்கள். என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் பதறியடித்துக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டு, "நடக்குறதுக்கா என்னைய வரச்சொன்னீங்க?" என்று திகைத்து உட்கார்ந்துவிட்டார். மகளைக் கூட்டிப்போங்கள் என்றார் மாமியார். "கூட்டிப்போக வேணாம், மீமிசலுக்கு நானே நடந்து போயிருவேன்," என்றேன். அப்போது என் கணவர் வாயைத் திறந்தார். "போயிட்டுத்தான் வரட்டுமேம்மா, கரை வரைக்குந்தானே," என்றார். என்மேல் உள்ள பிரியமா, ராத்திரிச் சோற்றுக் கவலையா, நான் இன்றுவரை கேட்கவில்லை. தினமும் போனேன். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மாமனார் அடுத்த கோடையில் அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்தார். வடைத் தட்டு பக்கத்தில் இருந்ததாம்.

மாமியாருக்கு வெள்ளைச் சேலை கட்டினார்கள், பின்கட்டு மூலையில் உட்காரவைத்தார்கள். நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த முறமும் நின்றது. வேலையை நான் பார்த்துக்கொண்டேன், அவருக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சில மாதங்களில் உடம்பு ஊதிப்போனது. நெஞ்சு கனக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று எழுந்து எழுந்து உட்காருவார். ஒருநாள் விடியற்காலையில் நான் வாசலில் இறங்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏத்தா, நானும் வரட்டா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை பேச்சுப் பேசிவிட்டு இப்போதா என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கையை நீட்டினேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவர் காலூன்றி நடந்ததே இல்லை. எந்த வீடு யாருடையது என்று என்னிடம் கேட்டார். பத்து வீடு தள்ளியிருந்த வேப்பமரத்தைப் பார்த்து, "இம்புட்டுப் பெருசா வளந்துருச்சா?" என்றார். கொஞ்சம் நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். பஸ் ரோடு வரை வந்துவிட்டோம். அதைத் தாண்டினால் கண்மாய்.

எதிரே அந்த நெல் வியாபாரி வந்தார். வெளுத்த வேட்டி, கையில் பை, புதுக்கோட்டைக்குக் கிளம்பியிருந்தார். மாமியாரைப் பார்த்தார். தாலியறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாது என்பது எல்லாருக்கும் தெரிந்த சாஸ்திரம். 'ச்சு' என்று சூள் கொட்டினார். தரையில் துப்பினார். வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார்.

"யோவ்!" என்று கத்தினேன். ரோட்டில் நின்று ஒரு ஆணை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எத்தனை நாளுய்யா இவங்க வீட்டு வெத்தலையத் தின்னே! யாரைப் பாத்துத் துப்புறே?"

அவர் திரும்பவில்லை. மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தார். "விடுத்தா. வீட்டுக்குப் போவம்," என்றார். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. சேலையை முகம்வரை இழுத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பினார்.

அதன்பிறகு அவர் கொல்லையில் நடந்தார். மாட்டுக்கொட்டகையிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து மாட்டுக்கொட்டகை. விறகைப் பிடித்துக்கொண்டு திரும்புவார். ஒருநாள் நடுவிலேயே நின்றுவிட்டார். "அன்னிக்கு ஒன்னையக் கொல்லையில நடன்னு சொன்னேன்ல," என்றார். "இது நடையே இல்லத்தா."

திட்டெல்லாம் வாய் வரை வந்தது. திட்ட வேண்டிய ஆள் அவரில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார். பாடையை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே நின்று பார்த்தேன். பஸ் ரோட்டில் அந்த நெல் வியாபாரி வெளுத்த வேட்டியும் பையுமாக எதிரே வந்தார். பாடையைப் பார்த்தார். பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனம், அதுவும் சாஸ்திரம்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், ஒதுங்கி நின்றார், கையெடுத்துக் கும்பிட்டார். முகம் மலர்ந்து பஸ்ஸில் ஏறினார். மாமியாரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ரோட்டைத் தாண்டிக் கண்மாய்க்கரையில் ஏறினார்கள்.

பதினாறு முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை கண்மாய்க்கரை வரை போய்விட்டு வந்தேன்.