மாமனைப் படுக்க வைத்த பெட்டி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 401 நெடுஞ்சாலையோரத்துக் கோப்பிக் கடையொன்றின் கார் தரிப்பிடத்தில், பட்டு வேட்டியும் சால்வையுமாக நித்திரை கொண்டேன். பின் சீற்றில் இன்னொருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டி கண்ணாடியில் தட்டி, 'சுகமாக இருக்கிறீர்களா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரிக்காதீர்கள். கதையைக் கேட்ட பிறகு சிரிக்கலாம்.

ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல் மாடியில் இருப்பவர் வசந்தி. அவருடைய மகள் பெரிய பிள்ளையாகி, அன்றைக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்பு நீராட்டு. அஜின்கோர்ட்டில் மண்டபம். கார்ப்பெட் நனைந்தால் மண்டபக்காரன் சத்தம் போடுவான் என்று, சின்னப் பிள்ளைகள் விளையாடும் காற்றடித்த தொட்டி ஒன்று வாங்கி, அதற்குள் வைத்துத் தண்ணீர் வார்ப்பதாக ஏற்பாடு. வார்க்க வேண்டியவர் தாய்மாமன். வசந்திக்கு இந்த நாட்டில் உடன்பிறப்பென்று இருப்பது ஒரே ஒரு தம்பி, நேசன். ஹலிஃபக்ஸ் வரை பெரிய ட்ரக் ஓட்டுகிறவன். அவனை விட்டால் வேறு மாமன் இல்லை. மதியத்துக்கு முன்னர் வார்த்துவிட வேண்டும் என்று ஐயர் நேரம் குறித்திருந்தார்.

சனி பின்னேரமே வர வேண்டியவன் வரவில்லை. ஞாயிறு விடியத் தொலைபேசியில்தான் வந்தான். தட்டங்கள் தூக்கிக் கொடுக்க நான் வசந்தி வீட்டில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அக்கா, பெல்வில்லிலை நிக்கிறன். நியூ பிரன்ஸ்விக்கிலை சரியான ஸ்னோ, றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். இப்ப என்ரை அவர்ஸ் முடிஞ்சுது. எட்டு மணித்தியாலம் படுத்திட்டுத்தான் வெளிக்கிடலாம்."

"படுக்கப் போறியோ? இஞ்சை உன்ரை மருமேளை வெளிக்கிடுத்தி வைச்சிருக்கிறன். பேசாமல் வாடா."

"ஏலாதக்கா. பெட்டி விடாது."

அதென்ன பெட்டி? ட்ரக் ஓட்டுகிறவர்கள் இவ்வளவு நேரம் ஓடினால் இவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதுவரை ஓடியதையும் படுத்ததையும் அவர்களே கையால் எழுதிக் காட்டினார்கள். கையால் எழுதுவதென்றால்... உங்களுக்குத் தெரியாததா? விடிய விடிய ஓடியவரும் எழுத்தில் நன்றாகத் தூங்கியிருப்பார். கையெழுத்து வேண்டாமென்று அரசாங்கம் இன்னும் சொல்லவில்லை. நேசனின் கம்பனி முந்திக்கொண்டு ஒவ்வொரு ட்ரக்கிலும் ஒரு எலெக்ட்ரோனிக் பெட்டியைப் பூட்டிவிட்டது. சில்லு உருண்டால் எழுதும், நின்றால் எழுதும். அழித்து எழுத ரப்பர் கிடையாது.

"உதென்ன பெரிய பெட்டி? ஃபியூஸைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு" என்றார் வசந்தியின் கணவர் குமரேசன். பகலில் ஃபாக்டரி, இரவில் ஒஃபிஸ் கிளீனிங் — இரண்டு வேலைக்காரர். கோப்பிக் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றார். முன்னொரு காலத்தில் ரேடியோ திருத்திய ஒரு சித்தப்பா, பெட்டிக்கு மேல் காந்தம் வைத்தால் அது குழம்பிவிடும் என்றார். பெட்டியை ஏமாற்ற ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். அவன் கண்ணிலிருந்த நித்திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வசந்தி அழத் தொடங்கிவிட்டார். "என்ரை பிள்ளைக்கு மாமன் இல்லையெண்டு சபையிலை என்னெண்டு சொல்லுவன்?"

எனக்குத் தாங்கவில்லை. "பெட்டி பிடிச்சு வைச்சிருக்கிறது ட்ரக்கைத்தானே? ஆளை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பெல்வில் இரண்டு மணி நேர ஓட்டம். வானை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

சாமான் திங்கட்கிழமை இறக்கினால் போதும் என்பதால், ட்ரக்கைப் பூட்டிவிட்டு நேசன் வந்து ஏறினான்.

"பெட்டி பெரிய கரைச்சல்தான் போலை?" என்று கேட்டேன்.

"அரைவாசி கரைச்சல்தான் அண்ணை. நித்திரை வராத நேரம் படு எண்டும். நித்திரை தூக்கிற நேரம் இன்னும் ஓடலாம் எண்டும். அதுக்கு மணி தெரியும், கண் தெரியாது. அதை நாங்கள்தான் பாக்கவேணும்."

"மற்ற அரைவாசி?"

"முந்தி நான் ஏலாது எண்டால், கம்பனியிலை ஓட்டம் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்பாச்சர், மற்றவன் ஓடுறான், உனக்கு மட்டும் என்ன எண்டு கேப்பான். இப்ப ஏலாது எண்டு பெட்டி சொல்லுது. பெட்டியோடை அவன் சண்டைக்குப் போறேல்லை."

சொல்லிவிட்டுப் பின் சீற்றில் சரிந்து தூங்கிப் போனான்.

போர்ட் ஹோப் தாண்டியிருக்கும். திடீரென்று வான் கடகடவென்று உதறியது. சில்லு வீதியோரச் சரளைக்கல்லில் இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்தேன் — திறந்தேன் என்றால், அதுவரை மூடியிருந்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பி வீதிக்கு ஏற்றிவிட்டேன். பயந்துதான் போனேன்.

பின்னாலிருந்து நேசனின் குரல், சத்தம் போடாமல். "அண்ணை, ராத்திரிப் படுத்தனீங்களோ?"

"ஹோல் சோடிச்சனாங்கள்... பலூன் ஊதி முடிய விடிஞ்சுபோச்சுது."

"அடுத்த எக்ஸிட்டிலை இறக்குங்கோ. படுப்பம்."

"நேரம் போகுது. நீ ஓடன்."

"நானும் ஓடுற நிலையிலை இல்லை. பெட்டி ட்ரக்கிலைதான் இருக்கு, களைப்பு என்னோடை வந்திட்டுது."

"அக்கா என்ன சொல்லுவா?"

"மாமன் பிந்தி வரலாம் அண்ணை. வராமல் விடேலாது."

அடுத்த எக்ஸிட்டில் வானை இறக்கினேன். அப்படித்தான் அந்தக் கோப்பிக் கடைத் தரிப்பிடம்.

கண் மூடுமுன் ஒன்றை யோசித்தேன். ரொறன்ரோவில் நம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் என்ன பேசுகிறோம்? 'நித்திரையே இல்லையண்ணை.' உடனே மற்றவர், தான் அதைவிடக் குறையத் தூங்கியதாகச் சொல்வார். யார் அதிகம் கண் முழித்தார் என்பதில் நமக்கு அப்படி ஒரு பெருமை. 'நேற்று நல்ல நித்திரை' என்று சொன்னவரைச் சோம்பேறி என்று நினைக்கிறோமா இல்லையா? அந்தப் பெருமையோடுதானே நானும் வானை எடுத்தேன்.

மண்டபப் படியேறும்போது மதியம் தாண்டிவிட்டது. "401-இலை ட்ராஃபிக் எண்டு சொல்லுவம்" என்று நேசனின் காதில் போட்டேன்.

உள்ளே போனால் — ஒன்றுமே தொடங்கவில்லை. வீடியோக்காரர் ரெக்ஸ்டேலில் இன்னொரு சாமத்தியவீட்டை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தார். வீடியோ இல்லாமல் தண்ணீர் வார்ப்பதா? ஐயர் பஞ்சாங்கத்தைத் திரும்பவும் விரித்து, ஒரு மணிக்குப் பிறகு அருமையான நேரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். மாமனுக்கு அசையாத நேரம் கமராவுக்கு அசைந்தது.

வசந்தி தம்பியைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு நேரம்?"

நான் வாயெடுக்குமுன் நேசன் சொன்னான்: "படுத்திட்டு வந்தனாங்கள் அக்கா."

வசந்தி செம்பை அவன் கையில் திணித்தார். மருமகளின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைத்துத் தண்ணீரை வார்த்தான். "மாமா, இட்ஸ் ஃப்ரீஸிங்" என்று பிள்ளை கத்த, மண்டபமே சிரித்தது. வசந்தி மட்டும் சிரிக்கவில்லை. அதன் பிறகு தம்பியோடு பேசவும் இல்லை.

போன வாரம் வீடியோ கசெட் வந்தது. பார்க்க வா என்று வசந்தி என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டார். பார்த்தோம். ஐயர் மந்திரத்துக்கு நடுவில் கொட்டாவி விடுகிறார். பலூன் ஊதிய கூட்டம் முழுக்கக் கண் சிவந்து, பேயறைந்தது போல் நிற்கிறது. நேசனும் நானும் மட்டும் புது மாப்பிள்ளைகள் மாதிரிப் பளிச்சென்று இருக்கிறோம். பிறகு குமரேசன் வருகிறார்... கையில் ஆலாத்தித் தட்டம், நின்றபடியே நித்திரை. தட்டம் சரிகிறது, யாரோ ஒரு அன்ரி ஓடிவந்து தாங்குகிறார். வீடியோக்காரர் அந்தத் தூங்கும் முகத்தை இதய வடிவக் கட்டத்துக்குள் போட்டு, சுற்றி நட்சத்திரங்களையும் பறக்க விட்டிருக்கிறார்.

விழுந்து விழுந்து சிரித்தோம். வசந்தியும் சிரித்தார். ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட விட்டு இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குமரேசன் வீட்டில் இல்லை. இரண்டாவது வேலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

வசந்தி எழும்பிப் போய் ஃபோனை எடுத்தார். சாமத்தியவீட்டுக்குப் பிறகு தம்பியோடு முதல் பேச்சு.

"தம்பி, உந்தப் பெட்டி மனுசருக்கும் பூட்டுவாங்களோ? ஒருக்கால் கேட்டுச் சொல்லு."