ஜன்னல் கம்பியில் பூட்டிய விலங்கு

நிறைமாதக் கைதியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகும்போது பெண் காவலர் துணைக்கு வரவேண்டும். அவர் வந்தால் விலங்கு தேவையில்லை. விதி அழகாகத்தான் இருந்தது. ஓசூர் கிளைச்சிறையில் பெண் காவலர்தான் இல்லை. ஆண் காவலர் போனால் விலங்கு பூட்டியே இருக்கவேண்டும். கழற்றுவதற்குச் சேலத்து மேலதிகாரியின் அனுமதி வேண்டும். சிறையில் குமாஸ்தாவாக இருந்த நான் முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். சேலம் யோசித்துக்கொண்டிருந்தது.

அவள் பாகலூர்க்காரி. மதுவிலக்குக் காலம் அது. மைசூர்ப் பக்கத்துச் சாராயத்தை ரப்பர் ட்யூபில் நிரப்பி, வயிற்றில் கட்டிக்கொண்டு, கர்ப்பிணி போல ஜூஜுவாடி எல்லைச் சாவடியைத் தாண்டும் பெண்கள் உண்டு. இவள் நிஜ வயிற்றின் மேலேயே கட்டிக்கொண்டு வந்தாள். ட்யூபை எடுத்த பிறகும் வயிறு இறங்காததைப் பார்த்த ஏட்டு, "இன்னொன்னையும் கழட்டும்மா" என்றாராம். "அது ஆடியிலதான் கழலும்" என்றாளாம்.

ஆடியில் ஒரு காலை வலி கண்டது. காவலுக்கு அதே ஏட்டு. நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ அறை வாசலில் நர்ஸம்மா விலங்கைப் பார்த்தார்.

"இதக் கழட்டுங்க ஏட்டய்யா."

"ஆர்டர் வரலீங்கம்மா. என் வேலை போயிடும்."

"அப்ப நீங்களும் ஒரு கைய மாட்டிக்கிட்டு உள்ள வந்து படுங்க."

"ஏட்டண்ணா, நான் எங்க ஓடப்போறேன்? நடக்கவே முடியல!" என்றாள் அவள், சுவரில் சாய்ந்தபடி.

ஏட்டு என்னைப் பார்த்தார். காவல் முடியும்வரை விலங்கு பூட்டியிருக்கவேண்டும் என்பதுதான் விதி; யார் கையில் என்பதை எழுதியவர் மறந்துவிட்டார். அதைச் சொன்னேன்.

ஏட்டு அவள் கையை விடுவித்தார். ஒரு வளையத்தைத் தன் கையிலும் மற்றதை வராந்தா ஜன்னல் கம்பியிலும் பூட்டிக்கொண்டார். போவோர் வருவோரெல்லாம் அவர் செய்த குற்றத்தை என்னிடம் விசாரித்தார்கள். "சாராயம்" என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா வெளியே தூக்கிவந்தார்.

"ஒரு கை சும்மாதான இருக்கு, புடிங்க."

ஏட்டு வாங்கியதும் குழந்தை வீறிட்டது. "ஏம்மா இப்படி அழுவுது?"

"தாய்மாமன் மொகம்தான? போகப்போகப் பழகிக்கும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவளுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை.

ஐப்பசியில் அவள் விடுதலையானாள். பிரசவத்தின்போது விலங்கைக் கழற்றலாம் என்று சேலத்திலிருந்து பதிலும் வந்தது. வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது: தை மாதத்து முதல் வெள்ளி. அன்று ஏட்டு விடுப்பில் இருந்தார். பாகலூரில் அவர் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்தினார்கள்.