கொஸ்ஸும் கோஸும்

முட்டைக்கோஸ் தின்றால் ஐம்பது வயதிலும் பந்து உதைக்கலாம் என்று மனமார நம்பியவன் நான். பதினேழு நாள் நம்பினேன்.

தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, கொழும்பு கொட்டாஞ்சேனையில் அச்சகம் ஒன்றில் அச்சுக்கோக்கும் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அச்சகத்துக்கு ஒரு பந்தாட்டக் குழு உண்டு. வெறுங்காலில் ஆடுவோம். எனக்கு அப்போது நாற்பது. ஒரு சனிக்கிழமை பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். கேப்டன் பக்கத்தில் வந்து, "அண்ணே, அடுத்த மாசம் வெள்ளவத்தை மில்காரங்களோட ஆட்டம். நீங்க விசில் ஊதுங்களேன்" என்றான்.

விசில்! புது ஊர். காலில் பந்து இருக்கிறவரைதான் எனக்கு நாலு பேர் பழக்கம். வாயில் விசில் வந்தால் அத்தனை பேரும் எதிரி. வீட்டுக்குப் போகும் வழியில் நாடி பிடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. செத்தேன் என்று நடுரோட்டில் நின்றுவிட்டேன். விரலை வேறு இடத்தில் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குழுவில் மெஷின் ஓட்டும் சிங்களவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். இடது ஓரத்தில் அவர் ஓடினால் பின்னால் வருகிறவனுக்குப் புழுதிதான். திங்கட்கிழமை அவரைப் பிடித்தேன். சிங்களத்தில் அண்ணனுக்கு அய்யே, தம்பிக்கு மல்லி; நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"அய்யே, அப்பிடி என்னதான் சாப்பிடுறீங்க?"

"கொஸ், மல்லி. சின்ன வயசிலேருந்து காலையிலே கொஸ்."

எங்கள் ஊரில் கோஸ் என்றால் முட்டைக்கோஸ். காலையில் அவித்த கோஸ், ராத்திரி வதக்கிய கோஸ். சோறு போயிற்று, மீன் போயிற்று.

"இது மனுசன் திங்கிறதா, மாடு திங்கிறதா?" என்றாள் மனைவி.

"விளையாட்டு வீரன் திங்கிறது."

"அப்ப வீரர் இனிமே வாசல்ல படுத்துக்கட்டும்."

பயிற்சியில் நான் குனிந்தபோதெல்லாம் ஒரு சத்தம். கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணே, விசில் குடுக்கிறதுக்கு முன்னாடியே ஊத ஆரம்பிச்சிட்டீங்களே" என்றான்.

பதினேழாம் நாள் நேரமாகிவிட்டது. கோஸைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். அய்யே எட்டிப் பார்த்து என்ன இது என்றார்.

"நீங்க சொன்ன கோஸ்தான்."

"அடேய் மல்லி, இது கோவா!"

சிரித்துச் சிரித்து மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். பிறகு தன் இலைப்பொட்டலத்தைப் பிரித்தார். அவித்த பலாச்சுளை, மேலே தேங்காய்த் துருவல். சிங்களத்தில் கொஸ் என்றால் பலாக்காயாம், முட்டைக்கோஸுக்குத்தான் கோவாவாம். எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன், ஒரு குறிலை நெடிலாகக் கோத்து, பிழையை வயிற்றில் அச்சடித்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. அவர் மனைவி கட்டியது. ஆட்டம் வரும்வரை தினமும் கட்டினாள், நான் கேட்காமலே.

"கொஸ் மட்டும் இல்லே மல்லி. பகல்ல சோறு, மீன், கீரை. ராத்திரி கொஞ்சம். வயித்துல கொஞ்சம் இடம் இருக்கும்போதே கை கழுவிடு. ஆட்டத்துக்காக இல்லே, தினமும்" என்றார் அய்யே. இதில் மந்திரம் ஒன்றும் இல்லையே என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் மனைவியோ அவர் வீட்டுக்கே போய், பாதி சிங்களம் பாதி கையசைவில், சுளை அவிக்கிற பக்குவம் கற்றுவந்தாள். ஒன்பது வருஷமாக எங்கள் அடுப்பில் அது நடக்கிறது. சாப்பிட உட்காரும்போது அந்த வீட்டை நினைக்காத நாள் குறைவு.

வெள்ளவத்தை ஆட்டத்தில் இரண்டு கோலில் தோற்றோம். நான் கடைசிவரை ஓடினேன். விசிலை வேறொருவர் ஊதினார்.