பட்டுக்கோட்டை லாரி மட்டும் ஏன் லேட்?

போன வாரம் தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு மளிகைக் கம்பெனி குடோனுக்குப் போயிருந்தேன். பருப்பு, சோப்பு, பிஸ்கட் என்று சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் சரக்கு போவது இங்கிருந்துதான். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா அங்கே சூப்பர்வைசர். “ஒரு தடவ வந்து பாருங்க சார்” என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பார்த்தேன். அசந்துபோனேன்!

முன்பெல்லாம் ஒரு லாரிக்கு லோடு ஏற்ற அரை நாள் ஆகுமாம். எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஸ்டெல்லா வந்து எல்லாவற்றையும் மாற்றினார். தினமும் போகும் சரக்கு வாசலருகே... எப்போதாவது போவது கடைசி வரிசையில். கடைசிக் கடையில் இறக்க வேண்டியது லாரியில் முதலில் ஏறும். இப்போது டிரைவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் லாரி ரெடி. முதலாளி பொன்னாடையே போர்த்தினாராம்.

“சந்தோஷம்தானேம்மா?” என்றேன்.

“சந்தோஷம்தான் சார்...” என்று இழுத்தார். பார்வை கேட் பக்கம் போயிற்று.

அவர் கணவர் ஆரோக்கியசாமி அதே குடோனில் பட்டுக்கோட்டை லாரி ஓட்டுகிறார். முன்பு லோடு ஆகும்வரை காத்திருப்பார். மத்தியானம் இரண்டு பேரும் லாரி நிழலில் உட்கார்ந்து ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். இப்போது? காலையிலேயே கிளம்பிவிடுகிறார். ராத்திரி அவர் திரும்பும்போது ஸ்டெல்லா பாதித் தூக்கத்தில் கதவைத் திறக்கிறார். அந்த மத்தியானச் சாப்பாட்டுக்கு வேட்டு வைத்தது யார்? சாட்சாத் ஸ்டெல்லாவேதான்!

நேரத்தை மிச்சம் பிடித்துவிடலாம். பிடித்த மிச்சம் நம் கைக்கு வருகிறதா என்ன?

“சீக்கிரம் போயும் பிரயோஜனமில்ல சார். பாதிக் கடை முடியறதுக்குள்ள மத்தியானம் சாத்திடறாங்க. சாயங்காலம் தொறக்கற வரைக்கும் ஷட்டரைப் பாத்துக்கிட்டு, தனியா கேபின்ல பொட்டலம் பிரிச்சு சாப்பிடறாரு. எனக்கு இங்க சோறு எறங்கல.”

அதனால் ஸ்டெல்லா மறுபடியும் பிளானை மாற்றிவிட்டார். மற்ற லாரிகள் காலையில். பட்டுக்கோட்டை மட்டும் மத்தியானத்துக்கு மேல்.

“முதலாளி ஒத்துக்கிட்டாரா?”

“அங்க காத்துக் கிடக்கறதுக்கு இங்க காத்திருக்கட்டுமேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டாரு. இன்னைக்குத்தான் மொத நாள்.”

சொல்லி வாய் மூடவில்லை, கையில் கேரியரோடு ஆரோக்கியசாமி வந்து நின்றார். “எல்லா வண்டியும் போயிடுச்சு... என்னுது மட்டும் லேட்டா?”

“வாங்க, சாப்பாடு ஆறுது” என்றார் ஸ்டெல்லா. நான் நைசாக நழுவினேன்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூர் போய் மாதங்கள் ஆகின்றன. தினமும் போன் உண்டு. கேஸ் வந்ததா, மாத்திரை போட்டாச்சா — டக் டக்கென்று முடிந்துவிடும். அப்புறம் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவள் குரல் இல்லாத வீடு ரொம்பவே பெரிதாக இருக்கிறது.

அன்றைக்கும் எல்லாம் பேசியாயிற்று. “வேறென்ன... வெச்சிடவா?” என்றாள்.

“வேற ஒன்னுமில்ல,” என்றேன். “ஆனா வெச்சிடாத.”