படத்தில் இல்லாத வாய்க்கால்

"எங்க வாய்க்கால காணோமே மேடம்?"

காந்தி ஜெயந்தி கிராம சபை தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கண்டாச்சிபுரத்துக்கு அருகே ஓர் ஏரிப்பாசன ஊர். பள்ளிக்கூடச் சுவரில் நான் தயாரித்த பெரிய வண்ண வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைப்பில் 'நம் ஏரி, நம் முடிவு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தோம். அந்தத் தலைப்பைப் பார்த்துப் பார்த்துக் காலையிலிருந்து மகிழ்ந்துகொண்டிருந்தவள் நான்.

கேட்டவர் அம்சவேணி. ஏரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருப்பவர். பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து படத்தருகே வந்து, விரலால் ஏரிக்கரையிலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. அதற்கு அப்பால் வெறும் பச்சை வண்ணம்.

"இங்க ஒரு வாய்க்கா பிரியுது. எங்க நெலத்துக்கு அதுலதான் தண்ணி வரணும். ரெண்டு வருசமா நாத்து காஞ்சிபோச்சி. இந்த வருசமும் அத வெட்டலன்னா நெலத்த அப்படியே போட்டுட்டு பாண்டிக்கு கம்பெனி வேலைக்குப் போறதுதான்."

அடுத்த ஆண்டு நூறு நாள் வேலையில் எந்தெந்த வாய்க்காலைத் தூர்வாருவது என்ற பட்டியலுக்கு அன்றுதான் சபையின் ஒப்புதல். பட்டியலில் ஏறாத வாய்க்கால் இன்னும் ஓராண்டு கிடக்கும். ஒன்றிய அலுவலகத்திலிருந்து சபையைப் பார்வையிட வந்திருந்த அலுவலர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, இந்த மேடம் ஊருக்குள்ள வந்து, உங்க ஊருக்காரங்கள உக்கார வெச்சி கேட்டு வரைஞ்ச மேப்பு இது. அதுலயே இல்லாத வாய்க்கால நான் எப்படித் தீர்மானத்துல எழுதறது?"

மக்கள் கையில் அதிகாரம் சேரட்டும் என்று நான் செய்த படம், ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பயன்பட்டது. என் பணி வாழ்க்கையில் அத்தனை கூசிப்போன தருணம் வேறில்லை.

கோலமாவில் வரைந்த காலை

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அந்தப் படம் உருவான விதத்தைச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். ஏரி, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு மரங்கள் ஆகியவற்றை ஊரார் கூடிப் பேசி நிர்வகிப்பதற்கு உதவும், தாள் புரட்டிக் காட்டும் ஃபிளிப் சார்ட், வரைபடம், சிறு கையேடு இவற்றைத் தயாரிப்பது என் பொறுப்பு. முதலில் ஊரார் தரையில் கோலமாவால் தங்கள் ஊரை வரைவார்கள். அதை நாங்கள் தாளில் எடுத்து, ஓவியரிடம் கொடுத்து, டம்மி என்கிற மாதிரிப் படம் போட்டு, மீண்டும் ஊருக்குக் கொண்டுபோய் ஃபீல்ட் டெஸ்ட் செய்து, பிறகே அச்சுக்கு அனுப்புவோம்.

அந்த ஊரில் தரைப்படம் வரைந்தது ஒரு வேலை நாள் காலையில், கோயில் எதிரே. பாசனச் சங்கத் தலைவர் ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏரிக்கரையை இழுத்தார். செங்கல் மதகானது; வேப்பிலை வயலானது. பதினைந்து ஆண்கள் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு வரைந்தார்கள். எனக்கோ ஒரே பரவசம்.

"பெண்கள் யாரும் வரலையேங்க?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"அவங்கல்லாம் நூறு நாள் வேலைக்குப் போய்க்கினு இருக்காங்க மேடம். எங்களுக்குத் தெரியாத எந்த மதகு அவங்களுக்குத் தெரியப்போவுது?" என்றார் ஏழுமலை.

'பெண்கள் பணியில்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மேலே போனேன். என் தவறு அந்த இரண்டு சொற்களிலேயே நடந்து முடிந்துவிட்டது.

பிறகு டம்மியை எடுத்துப் போனதும் அதே ஆண்களிடம்தான். ஏரியைப் பளிச்சென்ற நீலத்தில் போட்டிருந்தார் ஓவியர். "இன்னா மேடம், மரக்காணம் கடலக் கொண்டாந்து எங்க ஊர்ல உட்டுட்டீங்க?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஏரியைச் செம்மண் கலங்கிய நிறத்துக்கு மாற்றினோம். வாய்க்கால்களை மட்டும் தெளிவாகத் தெரியட்டும் என்று நீலத்திலேயே விட்டோம். நிறத்தைச் சோதித்தேன், எழுத்தின் அளவைச் சோதித்தேன். வராதவர்களுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் சோதிக்கவில்லை.

வைக்கோல் போருக்கு அடியில்

சபையில் எழுந்து நின்றேன். "இந்தப் படம் தவறாக இருக்கலாம். வரைந்த அன்று நான் பெண்களைக் கேட்கவில்லை. குற்றம் என்னுடையது" என்றேன். எங்கள் நிறுவன இயக்குநர் முன்வரிசையில் இருந்தார்; அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அம்சவேணி என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, குரலில் ஒரு குறும்புதான் இருந்தது.

"அன்னிக்கு நாங்க எங்க இருந்தோம் தெரியுமா மேடம்? இதோ தலைமடைக்கு நீலமா ஒரு வாய்க்கா போட்டிருக்கீங்களே, அதுலதான் மம்முட்டி புடிச்சி வெட்டிக்கினு இருந்தோம். நாங்க வெட்டனது படத்துல கீது. எங்களுக்கு வேண்டியதுதான் காணோம்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஏழுமலை எழுந்தார். "அங்க ஏதும்மா வாய்க்கா? எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா வேலிக்காத்தான் முள்ளுதான்."

"வாய்க்கா மேல வைக்கப்போரு போட்டவருக்கு வாய்க்கா எப்படித் தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரது? என் போரு என் எடத்துல கீது!"

"சண்ட வாணாம்ணா," என்றார் அம்சவேணி. "முள்ளு பொய் சொல்லும், போரு பொய் சொல்லும். ரோட்டாண்ட வாங்க, காட்டறேன்."

அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தியா போய்ட்டு வந்துடணும். சபைய பாதியில கலைச்சிட்டேன்னு எனக்குப் பேஜாரு ஆயிடும்" என்றபடி, கையெழுத்துப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

ஊரே நடந்தது. அந்த வெயிலில், தார் ரோட்டில், அறுபது எழுபது பேர் ஒரு வாய்க்காலைத் தேடிப் போனதை நினைத்தால் இன்றும் எனக்குக் கால்கள் துறுதுறுக்கின்றன. பேசிக்கொண்டும் பந்தயம் கட்டிக்கொண்டும், வழியில் ஒரு வீட்டில் அரிவாளும் கடப்பாரையும் வாங்கிக்கொண்டும் போனார்கள். ஏழுமலையின் வைக்கோல் போரைத் தாண்டியதும் அம்சவேணி ரோட்டோரச் சரிவில் இறங்கினார். நான்கு பெண்கள் முள்ளை வெட்டி விலக்கினார்கள். அவர் மண்ணைக் கடப்பாரையால் குத்தினார். இரண்டு முறை மொத்தென்ற ஓசை. மூன்றாம் முறை டங்கென்றது.

சிமெண்ட் குழாய். பக்கத்தில் இன்னொன்று. ரோட்டுக்குக் குறுக்கே, மண்ணால் அடைபட்டுப்போன ஒரு சிறு பாலம்.

"வாய்க்கா இல்லாத எடத்துல கவுருமெண்டு எதுக்குண்ணா பாலம் கட்டுச்சு? சிமெண்டு மிச்சமாயிடுச்சா?"

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கி, குழாயின் விளிம்பைக் கையால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல், தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"அட! இந்தப் பாலம் கட்டும்போது, இதுக்கு ரெண்டு வேளையும் கொடத்துல தண்ணி ஊத்தனவனே நான்தாம்மா. கல்யாணம்கூட ஆவல அப்ப. சுத்தமா மறந்தே பூட்டேன்."

"எங்களுக்கு மறக்கலண்ணா. காஞ்ச நெலத்துக்காரிக்கு மறக்குமா?"

அவர் மேலே ஏறி வந்து வைக்கோல் போரை ஒருமுறை அளந்து பார்த்தார். "போர எடுத்துடறேன். உடனே எடுன்னா முடியாது."

"வேல கோடையிலதான் வரும். அதுக்குள்ள உங்க மாடே தின்னு தீத்துடும்."

சிவப்புக் கோடு

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினோம். தீர்மானத்தோடு வரைபடத்தையும் இணைக்க வேண்டும் என்றார் அலுவலர். திருத்திய படத்தை அச்சிட்டு அனுப்புவதாக எங்கள் இயக்குநர் சொன்னார். நான் பையிலிருந்த சிவப்பு மார்க்கரை எடுத்து அம்சவேணியிடம் நீட்டினேன்.

"நானா? உங்க படம் வீணாப்பூடும் மேடம்."

"அது உங்க ஊர்ப் படம். போடுங்க."

அவர் மூடியைக் கழற்றி, மார்க்கரின் முனையை ஏரிக்கரையில் வைத்தார். பிறகு கை நிற்கவே இல்லை. கோடு கோணலாகத்தான் போனது. ஆனால் எங்கே பனைமரத்தைச் சுற்ற வேண்டுமோ அங்கே சுற்றியது, எங்கே கிணற்றை ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்டியது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் இரண்டு வட்டங்கள் போட்டார். குழாய்கள். வழவழப்பான என் வண்ணப் படத்தில் அந்த ஒரு கோடுதான் உயிரோடு இருந்தது.

ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அலுவலர். பெண்கள் பக்கம் அத்தனை கைகளும் ஒன்றாக எழுந்தன. ஆண்கள் பக்கம் பலர் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக, முழங்கை அளவுக்குக் கையைத் தூக்கினார்.

அந்தப் படத்தை நான் மறுபடி அச்சிடவில்லை; சிவப்புக் கோட்டோடு அப்படியே தீர்மானத்தில் இணைத்தோம். இயக்குநர் வற்புறுத்தியும் மறுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரில் தரைப்படம் வரைந்தாலும், முதல் கோடு விழுமுன் இந்த நேரத்தில் யார் இங்கே இல்லை, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். பதில் கிடைத்ததும் அங்கேயே போனேன். வாய்க்கால் வரப்பில், மதியச் சோற்று நேரத்தில், தூக்குவாளிகளுக்கு நடுவே படத்தை விரித்தேன். கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளைப் பிடித்தம் செய்யும் எந்தத் திட்டத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கோடையில் வாய்க்காலை வெட்டினார்கள். அடுத்த ஐப்பசியில் ஒரு முற்பகல், அம்சவேணியிடமிருந்து வீடியோ கால் வந்தது. முகம் தெரியவில்லை. போனைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்திருந்தார். இரண்டு குழாய்களிலிருந்தும் செம்மண் நிறத்தில் தண்ணீர் குதித்து விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாக அவர் கத்தினார்:

"மேடம், நான் கோடு போட்ட வழியாவே வருது மேடம்!"