தேவிக்குத் தெரியாத தேவி

பச்சைத் தேயிலையைக் கேட்பாரில்லாமல் போன காலம். குன்னூருக்குக் கீழே இருந்த ஒரு தேயிலை பேக்டரியும் பூட்டிக்கொண்டது. அங்கே அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பாண்டியராஜ், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனான்.

கூட்டமில்லாத மத்தியானங்களில் ஓனர் யூனிஸ் அக்கா அவனுக்கு சாட் பண்ணக் காட்டிக்கொடுத்தாள். இங்கிலீஷ் எழுத்தைத் தேடித்தேடித் தமிழைத் தட்டினான். துபாயிலிருந்து மோசஸ் என்று ஒருவன் அகப்பட்டான். கோத்தகிரிக்காரன், ஊர் நினைப்பில் வாடுகிறவன். பாண்டியராஜ் தன் பேக்டரி பெயரைச் சொன்னதும், "இப்பவும் ஓடுதுங்களாண்ணா?" என்று கேட்டான். ஏனென்று தெரியாமலே பாண்டியராஜ் "ஓடுது" என்று தட்டிவிட்டான்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. தட்டத்தட்ட, இலை உலரும் வாசம் நிஜமாகவே மூக்கில் ஏறியது. அவன் தட்டிய கதையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால், மனைவி தேவி தலை சீவிப் பூ வைத்து, வெங்காய பஜ்ஜி போட்டுக் காத்திருப்பாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மெய்யாகவே வீட்டுக்குப் போனால், தேவி கேரட் கழுவும் கூலி வேலை முடிந்து சுருண்டு கிடப்பாள். சொல்வது பொய், வருகிற சந்தோஷம் மட்டும் எப்படி மெய்? இந்த இரண்டு பேரில் தான் யார்? யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவியிடமே சொல்லிவிட்டான்.

"ஏனுங்க, அந்த ஊட்டுல நானும் இருக்கேனுங்களா?"

"இருக்கறே. சந்தோசமா இருக்கறே."

"அது நானுன்னா எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாமுங்களா?"

கொஞ்ச நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேலையில்லாத ஒரு நாள் தானாகவே சென்டருக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவ இப்ப என்ன பண்றா? படிங்க."

படித்தான்.

"பஜ்ஜியா? எனக்கு எண்ணெய்ப் புகையே ஆகாது. அவ கை மரத்துப் போய்ப் படுத்திருக்கான்னு எழுதுங்க. பேக்டரி மூடிக் கெடக்குதுன்னும் எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்லத் தட்டினான். மோசஸிடமிருந்து வந்த எழுத்துகளை அவளுக்குப் படித்துக் காட்டினான்.

"மூடுனது எனக்கு மொதல்லயே தெரியுங்கண்ணா. எங்க மச்சானும் அங்கதான் வேலை பாத்தான். நாளைக்கும் ஓடுதுன்னு எழுதுங்கண்ணா."

தேவி திரையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ யாரு யாரை ஏமாத்துனீங்க?"

"எனக்கும் வெளங்கலை. நாளைக்கு என்ன எழுதட்டும்?"

"பேக்டரி ஓடுனா ஓடிட்டுப் போகட்டும். என்னைப் பத்தி எழுதறதுன்னா என்னைக் கேட்டு எழுதுங்க."

அப்படியே செய்தான். மோசஸ் லீவில் ஊருக்கு வரும்வரை அந்த பேக்டரி ஓடிக்கொண்டேதான் இருந்தது. இருவருக்கும் தெரிந்த பொய்யை யாருக்காக ஓட்டினோம் என்பது பாண்டியராஜுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.